ஆடும் தளம்

எழுந்ததும் ஹேமிஷ் மேடையிலிருந்து இறங்குவான். படுக்கை மேடையில்தான். திரையை இழுத்துவிடுவான். பின்னறைக்குப் போய்க் கெட்டிலைப் போடுவான். நடன இரவுகளில் ஊர்ப் பெண்கள் கேக் அறுத்த அறை அது. ரொட்டியைச் சுட்டு வெஜிமைட் தடவுவான். இரண்டு கோப்பைகளில் டீ ஊற்றுவான். வாசல் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து ஒன்றைக் குடிப்பான். மற்றதை மனைவி டெஸ்ஸாவின் இடத்தில் வைத்துவிட்டு, அசையாமல் பார்ப்பான்.

சற்று நேரத்தில் டீயின்மேல் வளையங்கள் எழும்.

கோதுமை வயல்களுக்கு நடுவே தனியாக நிற்கும் பழைய ஊர் ஹால். ஆடுவதற்கென்றே போட்ட பலகைத் தளம், அடியில் சுருள்வில் வைத்தது. மேடைப் பக்கம் ஒருவர் நடந்தால் வாசல் பக்கம் இருப்பவரின் காலுக்குத் தெரியும். அதற்காகவே டெஸ்ஸா இதை வாங்கவைத்தாள். பிறகு அவளே தளத்தின் குறுக்கே சாக்பீஸால் ஒரு கோடு போட்டாள். அங்கே சுவர், அந்தப் பக்கம் படுக்கையறை. சுவர் வந்தால் தளம் அசையாது என்பது அவளுக்குத் தெரியும்.

"குளிர்ல விறைச்சுக் கெடக்கறதுக்கு ஆடாமலே இருந்துக்கலாம்" என்றாள்.

குளிர் வருமுன் போய்விட்டாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது. ஹேமிஷ் அந்தக் கோட்டைத் தாண்டித்தான் நடக்கிறான். மிதிப்பதில்லை.

அன்று கெவ் பாஸ்கோ தோளில் கட்டையோடு நேராக உள்ளே வந்தார். சுவர் கட்டித்தர ஒப்புக்கொண்ட தச்சர்.

"இப்ப இது வீடு, கெவ். தட்டிட்டு வாங்க."

"ஹாலுக்கு எவன்டா தட்டிட்டு வருவான்? என் கல்யாணமே இங்கதான். அன்னிக்காவது தட்டியிருந்தா, உள்ள வர்றதுக்குள்ள யோசிச்சிருப்பேன்."

கட்டையைக் கோட்டின்மேல் கிடத்தினார்.

"விதைப்பு ஆரம்பிச்சா என்னைப் பிடிக்க முடியாது தம்பி. இன்னிக்கே ஆணி அடிச்சிடறேன்."

சுத்தியலை எடுத்தார்.

"நில்லுங்க. அசையாதீங்க."

கெவ் ஒரு காலைத் தூக்கியபடியே நின்றார். "எங்கடா? பழுப்புப் பாம்பா?"

"பாம்பு இல்ல. அந்த டீயைப் பாருங்க."

கெவ் காலை மெல்லக் கீழே வைத்தார். இருவரும் மூச்சைப் பிடித்து நின்றார்கள். டீ அடங்கியது. பிறகு ஒரு வளையம். இன்னொன்று. ஒருவர் மெதுவாக நடந்துவரும் இடைவெளியில்.

"லாரி ஏதாச்சும்..."

"ரோட்டைப் பாருங்க."

திறந்த கதவுக்கு வெளியே சாலை கண்ணுக்கெட்டிய மட்டும் காலியாக இருந்தது. கெவ் மேடையைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

"ஆணி அடிச்சா இது நின்னுடும்."

"தெரியும்."

"அவ கேட்ட சுவர்டா இது."

"அதுவும் தெரியும்."

"இந்த அசைவு நிக்கணுமா?"

ஹேமிஷ் தலையை ஆட்டினான், வேண்டாம் என்று.

கெவ் கட்டையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். கோட்டை மிதிக்காமல் தாண்டினார். வாசலில் திரும்பினார்.

"பெருசா ஒரு ஹீட்டர் வாங்கிக்க. ஆமா, அவ உன் பேரைச் சொல்லிக்கிட்டே போனாள்னு அடக்கத்துல பாதிரியார் சொன்னாரே. நிஜமா?"

"இல்ல."

அவள் இறந்த அன்று காலை அவன் போனில் பேசியபடி மேடைப் பக்கம் மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தான். அவள் இந்த நாற்காலியில் இருந்தாள். கோப்பையிலிருந்து நிமிர்ந்து கடைசியாகச் சொன்னாள்:

"கொஞ்சம் நடக்காம நில்லேன்டா. டீ தளும்புது."