வீட்டுக்கு ஒரு பாக்ஸர்

என் அக்கா சுப்புத்தாய் எனக்கு ஒரே ஒரு வேலைதான் கொடுத்திருந்தாள்: வாயைத் திறக்கக் கூடாது. பெண்ணுக்குத் தாய்மாமன் என்ற முறைக்கு வந்து உட்கார வேண்டும், மாப்பிள்ளை வீட்டார் எதைச் சொன்னாலும் தலையை ஆட்ட வேண்டும். சிவகாசியில் பட்டாசு லேபிள் அடிக்கும் பிரஸ் வைத்திருப்பவன் நான். நாள் முழுக்க மிஷின் சத்தத்துக்கு மேல் கத்திப் பிழைப்பவனுக்குச் சும்மா இருப்பது எப்படி வரும்? கோபம் வேறு எனக்கு மூக்குக்கு மேல் வரும்.

பெண், அக்கா மகள் ஹர்ஷினி. குத்துச்சண்டையில் மாநிலத் தங்கம் வாங்கியவள். அடுத்து தேசியப் போட்டிக்குப் போகிறாள். சின்ன வயதில் அவளை பைக்கில் ஏற்றி விருதுநகர் மைதானத்தில் கொண்டுபோய் விட்டது நான்தான் என்பதால், அந்தத் தங்கத்தில் எனக்கும் ஒரு குன்றிமணி பங்கு உண்டு என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்வேன்.

மாப்பிள்ளை ஸ்ரீராம்குமார், சாத்தூர்க்காரர். அப்பா காளீஸ்வரனின் தீப்பெட்டி கம்பெனியைக் கவனித்துக்கொள்கிறார். அவரும் குத்துச்சண்டைக்காரர், படிக்கும்போது பல்கலைக்கழக சாம்பியன். இரண்டு பேரும் ஒரே விளையாட்டு என்றதும் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. பெரிய விருந்தாகச் சமைத்துவிட்டாள். எங்கள் பக்கம் பெண் பார்க்க வருகிறவர்கள், பேச்சு முடிவாகாமல் பெண் வீட்டுச் சோற்றில் கை நனைக்க மாட்டார்கள். காப்பி, பலகாரத்தோடு சரி. அதைச் சொன்னால், "முடிஞ்சிரும்லே, பேசாம இரு" என்றாள்.

முடிகிற மாதிரிதான் இருந்தது. காப்பி குடித்துத் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்ட காளீஸ்வரன், "எங்களுக்குத் திருப்திதான். ஒண்ணே ஒண்ணு. கல்யாணத்துக்கு அப்புறம் புள்ள இந்தக் குத்துச்சண்டைய விட்டுறணும். வீட்டுக்கு ஒரு பாக்ஸர் போதும்" என்றார்.

கதவோரம் நின்ற ஹர்ஷினியின் முகம் இருண்டுவிட்டது. அவளுடைய அப்பா, என் அத்தான், மின்விசிறியைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். கொஞ்ச நேரம்தான் முடிந்தது.

"அண்ணாச்சி சொல்றது நியாயம்தான். ஒருத்தர் போதும்னா ஜெயிக்கிற ஆள வச்சுக்கிடுவோம். ரெண்டு பேரும் ரிங்ல எறங்குனா யாரு ஜெயிப்பாக?" என்றேன்.

அக்கா தலையில் கைவைத்தாள்.

"இதென்ன கேள்வி? எம் மகன்தான்" என்றார் காளீஸ்வரன். "ஆளப் பாருங்க, கையப் பாருங்க. எம்புட்டு நீளம்!"

"கை நீளமா இருந்து என்ன செய்ய? கால் ஓடணும்லா. எங்க புள்ள இடக்கைக்காரி. அடி எங்கன இருந்து வருதுன்னே தெரியாது."

"எம் மகன் ஒரு குத்து விட்டாப் போதும்."

"அந்த ஒரு குத்து மேல படணும்லா, அண்ணாச்சி."

ஆணையும் பெண்ணையும் மோதவிட எந்தச் சங்கமும் சம்மதிக்காது. எடையும் வேறு வேறு. நடக்கவே போகாத சண்டை என்பதால் எங்கள் இரண்டு பேருக்கும் அசாத்திய உறுதி. காளீஸ்வரன் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டி, மகனுடைய குத்து எப்படி இருக்கும் என்று காற்றில் விட்டுக் காட்டினார். பலகாரத் தட்டு மயிரிழையில் தப்பியது. நானும் எழுந்து, ஹர்ஷினி அதற்கு எப்படிக் குனிந்து விலகுவாள் என்று செய்து காட்டினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா செல்லக்கனி பொறுக்க முடியாமல், "உக்காருங்க நீங்க. இவன் ஓட்டத்த நிப்பாட்டி ரெண்டு வருசமாச்சு. காலைல எழுப்ப ஊரே வரணும். இந்தப் புள்ளதான் ஜெயிக்கும்" என்றார்.

"நீ எந்த வீட்டு ஆளு?" என்று சீறினார் காளீஸ்வரன்.

எல்லோரும் சிரித்தார்கள். ஹர்ஷினி சிரிக்கவில்லை. கூடத்தின் நடுவே வந்து நின்று மாப்பிள்ளையைப் பார்த்தாள்.

"நீங்க சொல்லுங்க. யாரு ஜெயிப்பா?"

"நீங்கதான்" என்றார் ஸ்ரீராம்குமார்.

அக்காவின் முகம் மலர்ந்தது. ஹர்ஷினிக்கு முகம் கடுத்துவிட்டது.

"மரியாதைக்குச் சொல்றீகளா? அந்த மரியாதை எனக்கு வேண்டாம். நான் ஆடிப் பாத்திருக்கீகளா?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "மாநிலப் போட்டி பைனல போன்ல திரும்பத் திரும்பப் பாத்தேன். இடது கையால குத்திட்டு அந்தக் கைய மெதுவாத்தான் மேல கொண்டுவாறீக. அந்த நேரம் மோவாய் தெறந்து கெடக்கு. அந்தப் பொண்ணு கவனிக்கல. நான் கவனிப்பேன். என் வலது கைக்கு அது போதும். மொத ரவுண்டு எனக்குத்தான்."

"அப்புறம்?"

"எனக்கு மூச்சு வாங்கும். அம்மா சொன்னது நெசம். கடைசி ரவுண்டுல நின்னாலே பெரிசு. இன்னைக்கு மோதுனா நீங்க ஜெயிப்பீக. ஆறு மாசம் பயிற்சி எடுத்துட்டு வந்தேன்னா நான்தான்."

பெண் பார்க்க வந்த இடத்தில், உன் மோவாயில் குத்துவேன் என்று சொல்கிற மாப்பிள்ளையை நான் பார்த்ததில்லை. எனக்குச் சுர்ரென்று ஏறியது. அதற்குள் ஹர்ஷினியின் இடது கை தானாக மோவாய்வரை போய் இறங்கியது. பிறகு சிரித்தாள். தங்கம் வாங்கிய அன்றுகூட அப்படிச் சிரிக்கவில்லை.

"எங்க கோச்சும் இதச் சொல்லித்தான் கத்துவாரு" என்றாள். அப்புறம் காளீஸ்வரன் பக்கம் திரும்பினாள். குரல் பணிவாக இருந்தது, பேச்சு பணியவில்லை.

"வீட்டுக்கு ஒரு பாக்ஸர் பத்தாதுங்க. எதிர்ல ஒரு ஆள் நிக்காம எப்படிப் பயிற்சி எடுக்க? அவுகளும் ஆடணும், நானும் ஆடணும். அது முடியாதுன்னா இந்தப் பேச்சு இத்தோட நிக்கட்டும்."

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு நெஞ்சு விம்மியது. என் மருமகள்!

காளீஸ்வரன் மகனைப் பார்த்தார். "ஏலே, ஆறு மாசத்துல ஜெயிச்சிருவேன்னியே, நெசமாவா?"

"ஆமாப்பா."

"அத நான் பாக்கணும்லா" என்றவர், மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு உட்கார்ந்தார். "தங்கச்சி, எலையப் போடுங்க."

அக்கா அடுப்படிக்கு ஓடியே போனாள். செல்லக்கனி ஹர்ஷினியை இழுத்து உட்காரவைத்துத் தலையில் பூ வைத்தார். நானும் காளீஸ்வரனும் பக்கத்துப் பக்கத்து இலை. ஆறு மாதத்துக்குப் பிறகு யார் ஜெயிப்பார்கள் என்று ரசம்வரை சண்டை போட்டோம்.

பாயசம் வந்தது. மகளுக்கும் ஒரு டம்ளர் நீட்டினாள் அக்கா. "வேண்டாம்மா, போட்டிக்கு எடை பாக்கணும்" என்றாள் ஹர்ஷினி. அக்கா அதை மாப்பிள்ளையிடம் கொண்டுபோனாள்.

அவர் பாயசத்தை ஆசையாகப் பார்த்தார். ஹர்ஷினியைப் பார்த்தார்.

"எனக்கும் வேண்டாம், அத்தை."

காளீஸ்வரன் முழங்கையால் என்னை இடித்தார்.

"பாத்தீகளா? ஆரம்பிச்சுட்டான்."