சொந்தத்துக்குள்ளேயே

“சாவியக் கையில குடு! அழுத்திப் புடி!” என்று யசோதா கத்தினாள்.

வீணா மாமியார் நீட்டிய சாவிக்கொத்தைத் தட்டிவிட்டு, மகள் கிருத்திகாவை ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். வலிப்பு அடங்கிக் குழந்தை கண்ணயரும்வரை அவள் உயிர் அவளிடம் இல்லை.

“எல்லாம் ஒங்கம்மா வீட்டு ரத்தம். எங்க வம்சத்துல யாருக்காச்சும் இது உண்டா?” என்று யசோதா பழைய பாட்டைத் தொடங்கினாள். “கதவச் சாத்து. தட்டு மாத்துற நேரத்துல யார் கண்ணுலயும் படவேணாம்.”

யசோதா ஒன்றும் அசலாள் இல்லை. வீணாவின் அப்பா ராஜேந்திரனுக்குக் கூடப்பிறந்த அக்கா. அத்தை மகன் ராகேஷைத்தான் வீணா கட்டிக்கொண்டாள். இன்று ஜீவனஹள்ளியில் இருக்கும் யசோதாவின் வீட்டுக் கூடத்தில், ராகேஷின் தம்பி கிரணுக்கு வீணாவின் தங்கை மமதாவை நிச்சயம் செய்கிறார்கள். சொந்தம் விட்டுப் போகக் கூடாதாம்!

கிருத்திகாவைப் பார்த்த டாக்டரம்மா தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். சாப்பாட்டிலிருந்து மூளைக்கு வேண்டியதைக் குழந்தையின் உடம்பால் சரியாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. அந்தக் கோளாறு அப்பா, அம்மா இருவர் வழியாகவும் வந்தது. சொந்தத்தில் கட்டினால் இப்படி நேர வாய்ப்பு அதிகம். உங்கள் தங்கைக்கும் இவர் தம்பிக்கும் சோதித்துப் பார்க்காமல் கல்யாணம் பேசாதீர்கள் என்றார். ராகேஷும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். வீட்டுக்கு வந்ததும் வாயில் கொழுக்கட்டை.

வீணா கூடத்துக்கு வந்தபோது அப்பா தட்டைக் கையில் எடுத்துவிட்டார்.

“நில்லுங்கப்பா. ரெண்டு பேருக்கும் டெஸ்ட் எடுக்காம இது வேணாம். கிருத்திகாவுக்கு வந்தது எங்கம்மா வீட்டுச் சீக்கு இல்ல. என்கிட்டயிருந்தும் வந்திருக்கு, இவர்கிட்டயிருந்தும் வந்திருக்கு. நீங்களும் அத்தையும் பொறந்த வீட்டு ரத்தந்தான் எங்க ரெண்டு பேர் ஒடம்புலயும் ஓடுது.”

யசோதா மூத்த மகனைப் பார்த்தாள்.

“டாக்டர் அப்படித்தாம்மா சொன்னாங்க” என்று முனகினான் ராகேஷ்.

யசோதாவின் முகம் வெளுத்தது. ஆனாலும் ஒரு கணம்தான். தம்பி ராஜேந்திரனின் காதருகே குனிந்தாள்.

“இது வெளிய போச்சுன்னா கிரணுக்கு எவன்டா பொண்ணு குடுப்பான்? அதுக்காகவாச்சும் நீதான் குடுக்கணும்.”

ராஜேந்திரன் யோசித்தார். “அக்கா சொல்றதும் நியாயந்தான்” என்று தட்டை நீட்டினார்.

சொந்தத்தில் கட்டி வந்த நோயை, மறுபடி சொந்தத்தில் கட்டி மூடுவதற்குப் பெயர் நியாயம்!

அதுவரை தலைகுனிந்து உட்கார்ந்திருந்த மமதா எழுந்தாள்.

“அக்கா, டெஸ்ட் எங்க எடுக்கணும்? நாளைக்கே போலாம்.” பிறகு கிரண் பக்கம் திரும்பினாள். “நீங்களும் வர்றீங்களா மாமா, இல்ல நான் மட்டும் போகட்டுமா?”

கிரண் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். மமதாவுக்கு அதுவே போதுமாயிருந்தது.