கன்வெர்ட்டரை வெட்டிய காலை

நேற்றைய வெயிலைத் தகரக் கூரை இன்னும் முழுசாக விட்டபாடில்லை. அதற்குள் விடிந்துவிட்டது. நெடுஞ்சாலைக்கு அப்பால் எண்ணெய்க் கிணறுகளின் இரும்புத் தலைகள் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தன. எலியாசர் பாயேசா, லிஃப்டில் தூக்கி நிறுத்திய டீசல் பிக்கப்பின் அடியில் நின்று, கியர் பாக்ஸின் அடித்தட்டைக் கழற்றினான். எண்ணெய் முழங்கை வரை வழிந்தது. சிவப்பாக வரவேண்டிய எண்ணெய் கறுப்புக் காப்பியாக வந்தது. கருகல் நாற்றம் தொண்டையைக் கவ்வியது. தட்டின் அடியில் வெள்ளித் தூள் சேறாகப் படிந்திருந்தது.

"மறுபடியுமா?" என்றான் வெண்டெல் ஸ்ட்ரௌட். வண்டியிலிருந்து கியர் பாக்ஸை இறக்குவதும் ஏற்றுவதும் அவன் வேலை. ஆறடி நாலங்குலம். பேச்சு மட்டும் அளந்துதான் வரும்.

"மறுபடியும்தான். நாலாவது."

"யாரோடது?"

எலியாசர் கியர் பெட்டியின் ஓரத்தைத் துணியால் துடைத்தான். அவனே ஊசியால் கீறிய இரண்டு எழுத்துகள் தெரிந்தன. அவன் பெயரின் முதலெழுத்துகள். வெண்டெல் பார்க்காததுபோல வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

அந்தப் பட்டறையில் கியர் பாக்ஸைக் கட்டுகிறவன் தன் எழுத்தைக் கீற வேண்டும். அது பெருமை என்றுதான் ஆரம்பத்தில் சொன்னார்கள். கம்பெனி மாட்டிய பெட்டியைக் கழற்றி, உள்ளே பலமான தண்டும் கூடுதல் கிளட்ச் தட்டுகளும் போட்டு, பாரம் இழுக்கிற டீசல் வண்டிக்குத் தாங்குகிற மாதிரி கட்டித் தருவது பட்டறையின் தொழில். ஒரு பெட்டி ஒன்பதாயிரத்து ஐந்நூறு டாலர். ஐந்து வருடத்துக்குள் கெட்டுத் திரும்பி வந்தால், எழுத்தைக் கீறியவன் தன் சொந்த நேரத்தில் மறுபடி கட்டித் தர வேண்டும். அதற்குக் கூலி கிடையாது. உத்தரவாதம் கொடுக்கிறவர் முதலாளி. அதைச் சுமக்கிறவன் எலியாசர். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று அள்ளிவிட்ட உத்தரவாதம் அது.

முதலாளி கிர்பி ஹாலிஸ் மாமனாரிடமிருந்து பட்டறையைப் பெற்றவர். அவர் நகத்தில் எண்ணெய் பட்டு யாரும் பார்த்ததில்லை. வாரம் ஒருமுறை லிஃப்டின் முன்னால் கைகட்டி நின்று, "நாங்கள் எங்கள் வேலைக்குப் பின்னால் மலையாக நிற்கிறோம்" என்று படம்பிடித்து உலகத்துக்குக் காட்டுவார். படம் முடிந்ததும் குளிர்பதன அறைக்குள் போய்விடுவார். தொழிலாளிகளைக் கூட்டி "நம்ம எல்லாரும் ஒரே குடும்பம்" என்பார். குடும்பம் என்றால் சனிக்கிழமை சும்மா வேலை செய்கிறவர்கள் என்று அவர் அகராதியில் பொருள்.

கடந்த மூன்று சனிக்கிழமைகளை எலியாசர் அப்படித்தான் கழித்தான். முதலாளியைக் கூட அவன் வையவில்லை, தன்னைத்தான் வைதுகொண்டான். இருபத்தாறு வருடமாகப் பழகிய கை. ஐம்பத்து மூன்று வயதாகிவிட்டது, கண் ஏமாற்றுகிறதோ, விரல் மரத்துவிட்டதோ என்று பயம் பிடித்துவிட்டது. ஒவ்வொரு தட்டின் இடைவெளியையும் மூன்று முறை அளந்தான். வீட்டில் சட்டைப் பொத்தானைப் போடும்போது கூட விரல்களை உற்றுப் பார்த்தான். மனைவி கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றான்.

இன்று வெண்டெல் இறக்கித் தந்த பெட்டியைப் பிரித்து மேசையில் பரப்பினான். இடைவெளி அளக்கும் மெல்லிய தகட்டை ஒவ்வொரு இடைவெளியிலும் விட்டுப் பார்த்தான். கட்டிய அன்று இருந்த அளவு மயிரிழை பிசகாமல் அப்படியே இருந்தது. தப்பு அவன் கட்டியதில் இல்லை. அப்புறம்தான் கன்வெர்ட்டரைப் புரட்டினான். எஞ்சினின் பலத்தைப் பெட்டிக்குக் கடத்துகிற, பூசணிக்காய் வடிவிலான இரும்பு உருளை அது. மேலிருந்த சிவப்புப் பெயின்ட் கொப்பளித்து உரிந்திருந்தது. அடியில் இரும்பு நீலம் பாரித்திருந்தது. நெருப்பு அங்கேதான் பிடித்திருக்கிறது.

கன்வெர்ட்டர் வெளியிலிருந்து வாங்குவது. சுற்றிலும் பற்றவைத்து மூடியே வரும். உள்ளே மூன்று கிளட்ச் தட்டு என்பதுதான் விலைப்பட்டியலின் முதல் வரி. திறந்து பார்க்க யாருக்கும் உரிமை இல்லை. "வெட்டினால் அதைச் செய்த கம்பெனி திருப்பி எடுக்காது" என்று கிர்பி சுவரில் எழுதியே ஒட்டியிருந்தார்.

நெல்டா ஓர்ட்டேகா சாமான் கழுவும் தொட்டியருகே கையுறையை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"நெல்டா, இந்தச் சிவப்பு நம்ம அடிச்சதா, வரும்போதே இருந்ததா?"

"நான்தான் அடிச்சேன். ஜனவரியிலேர்ந்து கறுப்பா வருது. பேரு, நம்பர் ஒண்ணும் கிடையாது. பெயின்ட் அடிச்சு ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னார் கிர்பி. ஏன்?"

"முன்னாடி?"

"முன்னாடி சிவப்பாத்தான் வரும். கனமா இருக்கும், நான் தனியா தூக்க மாட்டேன், வெண்டெலைக் கூப்பிடுவேன். இப்ப நானே தூக்கிடுறேன்." அவள் கையுறை மாட்டிய தன் கையைப் பார்த்தாள். "கை பழகிடுச்சுன்னு நெனச்சேன் எலியாசர். பைத்தியக்காரி."

எலியாசர் அவளைத் திட்டவில்லை. அவளாவது பெயின்ட்தான் அடித்தாள். அவன் எழுத்தையே கீறிக் கொடுத்திருக்கிறான்.

எட்டரைக்கு கிர்பி வந்தார். ஒரு கையில் முட்டை வைத்துச் சுருட்டிய பரீட்டோ ரொட்டி, இன்னொரு கையில் ஒரு தாள். அவர் பின்னாலேயே அந்த பிக்கப்பின் சொந்தக்காரி ட்வைலா ப்ரூயிட் வந்தாள். குழாய்களை ஏற்றிக்கொண்டு எண்ணெய் வயல்களுக்கு ஓட்டுகிறவள். முந்தாநாள் ஃபோர்ட் டேவிஸ் மலை ஏற்றத்தில் பாரத்தோடு வண்டி இழுக்க மறுத்துப் பின்னால் உருண்டிருக்கிறது. பள்ளத்துக்கு முன் ஒரு பாறையில் டிரெய்லரைச் சாய்த்து நிறுத்திப் பிழைத்திருக்கிறாள். இடது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தது.

"பாயேசா, இதுல ஒரு கையெழுத்து போடு. ரெண்டே வரிதான்" என்றார் கிர்பி.

"என்ன எழுதியிருக்கு?"

"மேடம் எஞ்சினை டியூன் பண்ணிப் பலத்தைக் கூட்டியிருக்காங்க. அளவுக்கு மீறிப் பாரம் இழுத்திருக்காங்க. அதனால உத்தரவாதம் செல்லாது."

ட்வைலா சிரித்தாள். கேட்கச் சகிக்காத சிரிப்பு. "டியூன் பண்ணினதாலதான் இந்தப் பெட்டியையே வாங்கினேன். எவ்வளவு பலம் குடுத்தாலும் தாங்கும், எவ்வளவு பாரம்னாலும் இழுக்கும்னு ரோட்டுல போர்டு வெச்சிருக்கீங்களே, அது யாரு எழுதினது?"

"விளம்பரம் வேற மேடம், நிபந்தனை வேற."

"அப்ப போர்டைக் கழட்டிட்டு நிபந்தனையை மாட்டுங்க. படிச்சிட்டு உள்ள வராம நேரா போயிடறோம்."

கிர்பி அவளை விட்டுவிட்டு எலியாசரிடம் திரும்பினார். குரலில் தேன் வடிந்தது. "நான் உன்னைக் காப்பாத்தத்தான் பாக்குறேன். நீ இதுல போடலைன்னா, கட்டினவன் தப்புன்னு நான் எழுத வேண்டி வரும். நாலாவது பெட்டி. கை நடுங்குறவனை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண, சொல்லு. இந்த ஊர்ல வேற எந்தப் பட்டறையும் உன்னை எடுக்காது."

மூன்று வாரமாக எலியாசர் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட சொல் அது. இந்த மனுஷன் வாயிலிருந்து கேட்டதும் அது பொய்யென்று தெளிவாகத் தெரிந்தது. அவமானத்தில் காது சுட்டது. இப்படி ஒருவனுக்காகவா தன் விரல்களைச் சந்தேகித்தோம் என்று நினைத்தான்.

"அளவெல்லாம் சரியா இருக்கு கிர்பி. கன்வெர்ட்டர்தான் எரிஞ்சிருக்கு. வெட்டிப் பார்ப்போம். என் தப்புன்னா நானே எழுதிக் குடுக்கிறேன்."

"கன்வெர்ட்டரை யாரும் வெட்டக் கூடாது. சுவத்துல இருக்கறது தெரியலையா?" கிர்பி தாளை மேசைமேல் எண்ணெயில் படாத இடமாகப் பார்த்து வைத்தார். "பத்து நிமிஷத்துல கையெழுத்தோட உள்ள வா." பரீட்டோவைக் கடித்துக்கொண்டே அறைக்குள் போனார்.

கம்ப்ரெஸரின் உறுமல் மட்டும் கேட்டது. ட்வைலா கன்வெர்ட்டர் அருகே வந்தாள்.

"இது யாரோடது?" என்று கேட்டாள்.

"பட்டறை போட்டது."

"நான் கேட்டது அது இல்ல. பணம் குடுத்து வாங்கினேன். என் வண்டியில இருந்தது. இப்ப யாரோடது?"

எலியாசர் அவள் முகத்தைப் பார்த்தான். "உங்களோடது."

"அப்ப வெட்டு."

லேத்தில் நிற்பது சானோ. எலியாசரின் மகளுக்கு ஞானத் தகப்பன்; அந்த உறவில் இருவரும் ஒருவரையொருவர் 'கொம்பாத்ரே' என்றுதான் அழைத்துக்கொள்வார்கள். அவன் சுவரில் ஒட்டியிருந்ததைப் பார்த்தான், அறைக் கதவைப் பார்த்தான். "வெட்டினா ரெண்டு பேருக்கும் வேலை போயிடும், கொம்பாத்ரே."

"தெரியும். நீ நகர்ந்துக்கோ, நானே வெட்டுறேன்."

"நீயா? லேத்துல உனக்குக் கை வராது. நகரு." சானோ கன்வெர்ட்டரைத் தூக்கிப் பிடியில் மாட்டினான்.

பற்றவைத்த மடிப்பில் உளி உராய்ந்தது. கீச்சென்ற சத்தம் பட்டறை முழுக்கப் பரவியது. மற்ற லிஃப்டுகளில் நின்றவர்களும் கருவிகளை வைத்துவிட்டு வந்தார்கள். இரும்புச் சுருள்கள் நீலமும் பொன்னுமாய் உதிர்ந்தன. மூடி கழன்றது. சானோ இரண்டு கையாலும் அதை எடுத்தான்.

உள்ளே ஒரே ஒரு தட்டு இருந்தது. அதிலும் உராயும் பூச்சு முழுக்கத் தேய்ந்து வெறும் இரும்பாக இருந்தது.

மூன்று தட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டதுண்டு. கிர்பி சோறே போடாமல் மறைத்திருக்கிறார்.  நெல்டா கையுறையைக் கழற்றித் தொட்டியில் வீசினாள்.

சத்தம் கேட்டு கிர்பி ஓடிவந்தார். மோவாயில் முட்டை ஒட்டியிருந்தது.

"யார் வெட்டச் சொன்னது? அது என் சொத்து."

"பில் என்கிட்ட இருக்கு" என்றாள் ட்வைலா. "அதுல மூணு தட்டுன்னு போட்டிருக்கு. மிச்சம் ரெண்டும் உங்க அறையில இருக்கா?"

கிர்பி அவள் பக்கமே திரும்பவில்லை. "பாயேசா, உன் சாமானை எடுத்துக்கிட்டுக் கிளம்பு. சானோ, நீயும்."

"அவங்க என்ன தப்பு பண்ணாங்க?" என்றாள் நெல்டா.

"நீ பேசாத. தொட்டியைக் கழுவு."

"மலையில இந்தம்மா உருண்டாங்களே, அந்தக் கன்வெர்ட்டருக்குப் பெயின்ட் அடிச்சது இந்தக் கை. இதைக் கழுவ உங்க தொட்டி பத்தாது."

கிர்பி அவளை விட்டு நகர்ந்தார். பிறகு வெண்டெல் பக்கம் சாய்ந்தார். இருவரும் ஒரே பள்ளியில் கால்பந்து ஆடியவர்கள். ஞாயிறுதோறும் ஒரே தேவாலயத்தில் ஒரே வரிசை. "வெண்டெல், நீ சொல்லு. இவங்க பேச்சைக் கேட்டு நீயும் கெட்டுப்போகப் போறியா? இன்னிக்கு மூணு வண்டி ஏத்தணும்."

வெண்டெல் கையைத் துணியில் நிதானமாகத் துடைத்தான். "என் தங்கச்சி புருஷன் வண்டியில நான்தானே பெட்டி ஏத்தினேன் கிர்பி. மார்ச்சுல. நீதான் பாதி விலைக்குத் தர்றேன்னு சொன்ன. அதுக்குள்ள எத்தனை தட்டு?"

கிர்பி மோவாயில் ஒட்டியிருந்த முட்டையைத் துடைத்தார்.

"பின்னாடி சீட்டுல என் தங்கச்சி பசங்க உக்கார்ந்து போறாங்க. எத்தனை தட்டுன்னு கேட்டேன்."

"எல்லாத்தையும் ஒரேயடியா மாத்தினா பட்டறையை மூடணும். புரிஞ்சுக்கோங்க. நம்ம ஒரே குடும்பம்."

"அப்ப குடும்பத் தலைவரா நீங்களே இந்தப் பெட்டியைக் கட்டுங்க" என்றான் எலியாசர். தாளை மடித்து கிர்பியின் சட்டைப் பையில் செருகினான். "நாங்க யாரும் தொட மாட்டோம். ஜனவரியிலேர்ந்து போன பெட்டி அத்தனையும் திரும்பி வரணும். நல்ல கன்வெர்ட்டர் போடணும். அதுக்கு எங்களுக்குக் கூலி குடுக்கணும். அதுவரைக்கும் இங்க ஒரு போல்ட்டும் திரும்பாது."

"உன்னைத்தான் வேலையை விட்டு அனுப்பிட்டேனே. நீ யாரு நிபந்தனை போட?"

"அவன் போடலைன்னா நான் போடறேன்" என்றான் வெண்டெல். எலியாசரின் கருவிப் பெட்டியை ஒரு பக்கம் தூக்கிப் பிடித்தான். சானோ மறுபக்கம் பிடித்தான். இரண்டு பேரும் அதை வெளியே தள்ளிக்கொண்டு போனார்கள். நெல்டா கம்ப்ரெஸரை அணைத்தாள். லிஃப்டுகளிலிருந்து மற்ற நால்வரும் ஒருவர் பின் ஒருவராக வெளியே வந்தார்கள். இருபது வருடமாக வேலை நேரத்தில் நிற்காத அந்த உறுமல் நின்றதும் பட்டறை அந்நியமாக இருந்தது.

கிர்பி உள்ளிருந்து இரும்புக் கதவை இறக்கினார். மூன்று வண்டி அந்தரத்தில் தொங்க, அவற்றை இறக்கத் தெரியாத முதலாளி உள்ளே தனியாக நின்றார்.

வெளியே வெயில் அடித்தது. சானோவின் வண்டி நிழலில் எட்டுப் பேரும் நின்றார்கள். சிலருக்கு வீட்டு வாடகை நினைவு வந்தது, ஒருவனுக்கு மனைவியின் பிரசவ தேதி நினைவு வந்தது. இந்த மாநிலத்தில் காரணம் சொல்லாமலே வேலையை விட்டுத் துரத்தலாம். எல்லாருக்கும் பயமாகத்தான் இருந்தது, ஒருவரும் மறைக்கவில்லை.

"ஷெரிஃபைக் கூப்பிடுவான், போலீஸ் வரும்" என்றான் சானோ.

"கூப்பிடட்டும். அதுக்குள்ள நாம கூப்பிட வேண்டியவங்களைக் கூப்பிடுவோம்" என்றான் எலியாசர்.

பெட்டியில் கோளாறென்றால் ஓட்டுநர்கள் அலுவலகத்தைக் கூப்பிடுவதில்லை, கட்டியவனைத்தான் கூப்பிடுவார்கள். அதனால் எண்கள் எல்லாம் இவர்களுடைய போன்களிலேயே இருந்தன. வெண்டெல் முதலில் தங்கை வீட்டுக்குப் பேசினான். "வண்டியை யாரையும் எடுக்க விடாத. ஏன்னு அப்புறம் சொல்றேன். சாவியை ஒளிச்சு வை." எலியாசர் பெக்கோஸ் ஊர்ப் பக்கம் ஓட்டும் ஒருவனைப் பிடித்தான். நான்தான் கட்டினேன், உள்ளே மூன்று தட்டு இருக்குமென்று நம்பிவிட்டேன், பாரம் இழுக்காதே, வண்டியைக் காலியாகப் பட்டறைக்குக் கொண்டு வா என்றான். மறுமுனை கெட்ட வார்த்தையில் வைதது. அவன் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டான்.

ட்வைலா கட்டுப்போட்ட கையை நீட்டினாள். "பாதி நம்பரை என்கிட்ட குடு. பட்டறைக்காரன் சொன்னா நம்ப மாட்டானுங்க. மலையில உருண்டவ சொன்னா நம்புவானுங்க."

"உங்களுக்கு லோடு போச்சே. இங்க நின்னு என்ன கிடைக்கப் போகுது?" என்றாள் நெல்டா.

"தெரியலை. முந்தாநாள் மலையில தனியா நின்னேன். அதுக்கு இது பரவாயில்ல."

பதினொரு மணிக்கு மேற்கே நெடுஞ்சாலையில் ஒரு பிக்கப், காலி டிரெய்லரை இழுத்துக்கொண்டு வேகம் குறைத்தது. பட்டறைப் பக்கம் திரும்ப விளக்கு சிமிட்டியது. அதன் பின்னால் இன்னொன்று. ஜன்னல் திரையின் இடுக்கில் கிர்பியின் கண் தெரிந்தது. எலியாசர் போனைப் பையில் போட்டுக்கொண்டு, முதல் வண்டியை நோக்கி வெயிலில் நடந்தான். மற்ற ஏழு பேரும், ட்வைலாவும் அவன் கூடவே நடந்தார்கள்.