என் தங்கை கடைந்த வளையம்

இதில் ஒரு வார்த்தை பொய்யென்றால் என் வாயிலிருக்கும் பல்லெல்லாம் இந்த நிமிடமே கழன்று விழட்டும். ராத்திரியில் டம்ளரில் கழற்றி வைப்பது இதில் சேராது.

தொழிற்கல்விப் பள்ளியில் நானும் என் தங்கையும் லேத் வகுப்பில் ஒன்றாகப் படித்தோம். என்னைவிட ஒரு வயது சின்னவள். கோபத்தில் மட்டும் மூத்தவள். லேத்தில் இரும்பைச் சுழலவிட்டு, மயிரிழையைப் பத்தாகப் பிளந்தால் அதில் ஒரு பங்குகூடப் பிசகாமல் கடைந்தெடுக்க வேண்டும். அங்கே முதல் பாடமே, சூடான இரும்பை அளக்காதே என்பதுதான். சூட்டில் இரும்பு விரியும். அளவு பொய் சொல்லும்.

தங்கைக்குக் கோபம் வந்தால் அவள் தொட்ட இரும்பு சூடேறிவிடும். நானே சாட்சி. மத்தியானச் சாப்பாட்டை அவள் மிஷின்மேல் வைத்துத்தான் சுடவைத்துக்கொள்வேன்.

வாத்தியாருக்கு நாங்கள் வைத்த பெயர் குறடு. வாயைத் திறந்தால் யாரையாவது கவ்வாமல் மூடமாட்டார். பையன்கள் இரும்பைச் சீவும் டூலை உடைத்தால், பழகப் பழகச் சரியாகிவிடும் என்பார். அவள் உடைத்தால் பொம்பளைப் புத்தி என்பார். உடைக்காவிட்டால் அண்ணன்காரன் செய்து கொடுத்திருப்பான் என்பார். நான் செய்திருந்தால் நிச்சயம் உடைந்திருக்கும். அதை எடுத்துச் சொன்னேன், யாரும் கேட்கவில்லை.

ஆண்டுப் பரீட்சைக்கு ஓர் இரும்பு வளையம் கடைய வேண்டும். தேறினால் அவள் லேத்திலேயே தொடரலாம். தவறினால் தையல் வகுப்பு.

"ஏம்மா, தையல் மிஷினும் சுத்தத்தானே செய்யுது? அங்க போய் உக்காரேன்" என்று குறடு காலையிலேயே ஆரம்பித்து வைத்தார்.

முதல் வளையத்தை வாங்கி உள்ளே அளவுக்கட்டையை விட்டார். கட்டை லொடலொடவென்று ஆடியது. துளை பெரிசு என்று குப்பைத் தொட்டியில் போட்டார். தொட்டியிலிருந்த எண்ணெய்த் துணி புகைந்தது.

இரண்டாவதைக் கடைந்ததும் தங்கை குழாயடிக்குப் போய்த் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு, மனசை ஆற்றிக்கொண்டு வந்து நீட்டினாள். கட்டை கச்சிதமாக வழுக்கிக்கொண்டு போனது. அளவு சரியாக இருக்கிறது, அதனால் இது அவள் செய்ததில்லை என்று சொல்லி அதையும் தொட்டியில் போட்டார்.

மூன்றாவதைக் கடைந்தபோது டூல்மேல் ஊற்றிய தண்ணீர் கொதித்தது.

"இதுக்குக் கட்டை எதுக்கு? என் விரலே போகும் பாரு" என்று குறடு தன் கட்டைவிரலை வளையத்துக்குள் நுழைத்துக் காட்டினார். போனது. சூடு அவர் தோலில் உறைக்கவில்லை. அந்தத் தோலில் எதுவுமே உறைத்ததில்லை.

இரும்பு மோதிரமும் கையுமாக அவர் நின்ற கோலத்தைப் பார்த்துத் தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபம் இறங்கியது. வளையம் சுருங்கி விரலைக் கவ்விக்கொண்டது.

எண்ணெய் பூசினார், சோப்புப் போட்டார். தலைமையாசிரியர் வந்து இழுத்துப் பார்த்தார். விரல் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. நான் ரம்பத்தோடு போனேன். விரலை அறுக்கவா வளையத்தை அறுக்கவா என்று குறடு கேட்டார். இன்னும் முடிவு செய்யவில்லை என்றேன்.

கடைசியில் தங்கையிடமே வந்தார்.

"கொஞ்சம் கோபப்படும்மா."

"வரமாட்டேங்குது சார். வழக்கமா சொல்றதச் சொல்லிப் பாருங்க."

சொன்னார். தையல் மிஷினில் தொடங்கிப் பொம்பளைப் புத்திவரை ஒன்று விடாமல் சொன்னார். வகுப்பே சிரித்தது, அவளும் சிரித்தாள். அவர் குரல் உடைந்துவிட்டது.

"ரெண்டாவது வளையம் சரியாத்தான் இருந்துச்சு. நீ செஞ்சதுன்னும் தெரியும். பாஸ் போட்டுடறேன், போதுமா?"

தங்கை சிரிப்பை நிறுத்தினாள்.

"தெரிஞ்சேதான் தூக்கிப் போட்டீங்களா?"

குரலைக்கூட உயர்த்தவில்லை. வளையம் விரிந்து, விரலிலிருந்து நழுவி விழுந்து, சிமெண்டுத் தரையைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனது. குறடு இடது கையால் பாஸ் போட்டார்.

அவளுக்குப் பிறகு, அந்தப் பள்ளியை இழுத்து மூடிய நாள்வரை லேத் வகுப்பில் ஒரு பெண்ணைக்கூடச் சேர்த்ததில்லை.