ப்ராஸசர் ஏன் சும்மா இருக்கவில்லை

1

இந்தக் கதை என் வாய்க் கொழுப்பில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்துத் திட்டுவதைவிட இது நல்லது.

நான் எழுதிய முதல் வரி வேறு: "ஒரு நண்பர் சொன்ன தவறான யோசனையால் தி. நகரில் ஒரு பெண்ணுக்கு வேலை போனது." அந்த நண்பர் நான்தான். வரியை அடித்துவிட்டேன். அடுத்த முயற்சி, "பாண்டி பஜாரில் அன்று வெயில்" என்பதோடு நிற்கிறது. வெயிலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

2

என் பெயர் மாணிக்கவாசகம். அடையாறில் வீடு. ஒரு வார இதழில் பதினெட்டு வருடமாகக் கணினி கேள்வி-பதில் எழுதுகிறேன். ஒரு தடவைகூடத் திருத்தம் போட்டதில்லை. (பெருமையாகத்தான் எழுதினேன். திரும்பப் படித்தால் அப்படித் தெரியவில்லை. இருக்கட்டும்.)

விஜயராகவன் என் சகலை. சைதாப்பேட்டையில் வளர்ந்தவர். தி. நகரில் கடைகளுக்கு உள் அலங்காரம் செய்து தரும் அலுவலகம் வைத்திருக்கிறார். கட்டப்போகும் கடை எப்படி இருக்கும் என்று கணினியில் படமாக்கிக் காட்டுவது அங்கே ஸஹானாவின் வேலை. அந்தப் படத்தை ஒளி, நிழலோடு முழுதாகத் தீட்டி எடுப்பதற்கு ரெண்டர் என்று பெயர். மணிக்கணக்கில் ஓடும். அதற்காகவே போன மாதம் விஜயராகவன் பெரிய கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று வாங்கிப் போட்டார். கார்டு படத்தைப் பார்த்துக்கொள்ளும், கணினியின் மூளையான ப்ராஸசர் சும்மா இருக்கும், அதே மிஷினில் இன்னொருவரையும் உட்காரவைத்து வேலை வாங்கலாம் என்பது அவர் திட்டம். இரண்டாவது கீபோர்டுகூட வாங்கிவிட்டார்.

3

அவர் போன் செய்தபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"இன்னா சகல, கார்டு போட்டும் ப்ராஸசர் ஓடிக்கினே கீது. அது எவ்ளோ வேலை செய்யுதுன்னு ஸ்க்ரீன்ல காட்ற கோடு உச்சியிலயே நிக்குது. ஏன்?"

"கார்டு ரெண்டர் பண்ணா ப்ராஸசர் சும்மாதான் இருக்கணும். இல்லேன்னா உள்ள வேற எதோ ஓடுதுன்னு அர்த்தம்."

"வேற எதோன்னா?"

"வெளி வேலை. அந்தப் பொண்ணு உங்க மிஷின்ல சொந்தமா ஏதாவது ஓட்டும்."

இவ்வளவுதான் சொன்னேன். சாம்பார் ஊற்றிக்கொண்டேன். மறுநாள் காலை அவர் ஸஹானாவை இனி வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டார்.

4

முதல் வரைவில் ஸஹானா அழுதாள். அழுகிற பெண்ணை எழுதுவது சுலபம். நிஜத்தில் அவள் யாரிடமோ என் எண்ணை வாங்கி, என்னையே கூப்பிட்டாள்.

"சார், நான் வெளி வேலை பண்ணேன்னு சொன்னீங்களாமே. என் ஃபைலைத் திறந்து பாத்தீங்களா?"

"இல்லம்மா."

"அப்போ போய் பாருங்க. அதை மட்டும் ஓட விடுங்க, வேற எதையும் திறக்காதீங்க."

விஜயராகவன் வேறொரு கடைக்கு அளவெடுக்கப் போயிருந்த நேரமாகப் பார்த்துப் போனேன். அவள் ஃபைலை மட்டும் ஓடவிட்டேன். ப்ராஸசரின் கோடு ஏறியது. ஏறியது இறங்கவே இல்லை. ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

(கட்டுரை மாதிரி நாலு வரி. பொறுத்துக்கொள்ளுங்கள், இந்த இடத்தில் எனக்குத் தன்னம்பிக்கை அதிகம்.) கார்டு தீட்டும், அவ்வளவுதான். கடையில் உள்ள விளக்கு, கண்ணாடி, புடவை அடுக்கு ஒவ்வொன்றையும் எடுத்து, ஒளி எதன்மேல் படும் என்று சட்டென்று தேட வசதியாக ஒழுங்குபடுத்தி, கார்டின் கையில் கொடுப்பது ப்ராஸசர். தீட்டி வந்ததை வாங்கிச் சேமிப்பதும் அதுவே. இடைவெளியிலாவது ஓய்வு உண்டா என்றால், பல நேரம் அதுவும் கிடையாது. "முடிஞ்சுதா, முடிஞ்சுதா" என்று கார்டை விடாமல் கேட்டுக்கொண்டு நிற்கும். கண்ணயர்ந்தால் அடுத்ததைக் கொடுக்கத் தாமதமாகும். அப்படிக் காத்து நிற்பதும் கோட்டில் முழு வேலையாகவே தெரியும்.

[மயிலாப்பூர் மெஸ் ஒன்றை உவமையாக வைத்துக் கார்டைப் பற்றி இதழில் எழுதியிருக்கிறேன். தோசைக்கல்லை அத்தனை புகழ்ந்தவன் மாவு அரைப்பவரைப் பற்றி ஒரு வார்த்தைகூட...]

5

முடிவு ஒன்று: உடனே விஜயராகவனிடம் உண்மையைச் சொல்கிறேன், ஸஹானா திரும்பி வருகிறாள். நன்றாக இருக்கிறது. ஆனால் நான் சொல்லவில்லை. ஒன்பது நாள் ஆகிவிட்டது.

முடிவு இரண்டு: பேர் குறிப்பிடாமல் இதழில் ஒரு திருத்தம் போடுகிறேன். விஜயராகவன் என் பகுதியைப் படிப்பதே...

இல்லை, இதுவும் தப்பிக்கும் வழிதான். இன்று காலை ஸஹானாவைக் கூப்பிட்டேன்.

"நீ சொன்னதுதான் சரிம்மா. இதை ஒரு கதையா எழுதிட்டிருக்கேன்."

"கதை அப்புறம் எழுதலாம் சார். பெருங்குடியில ஒரு ஆபீஸ்ல இன்டர்வியூ முடிஞ்சுது. நாளைக்குக் காலையில விஜயராகவன் சாருக்குப் போன் பண்ணி என்னைப் பத்தி விசாரிப்பாங்க. அவர் மனசுல நான் இன்னும் திருடிதானே?"

நான் நல்லவன் என்று காட்டத்தான் இத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன். அவளுக்கு இதில் ஒரு வரிகூட உதவாது.

6

பேனாவை வைத்துவிட்டு விஜயராகவனைக் கூப்பிட்டேன்.

"இன்னா சகல, சாப்ட்டியா?"

"அந்த ப்ராஸசர் விஷயத்துல நான் சொன்னது தப்பு. மிஷினைப் பாக்காமலே சொன்னேன். அந்தப் பொண்ணு எந்தத் தப்பும் பண்ணல. ப்ராஸசர் உங்க கடைப் படத்துக்குத்தான் வேலை பார்த்துச்சு."

 அவர் குரல் இறங்கியிருந்தது.

"ஆபீஸ்ல எல்லார் எதிர்லயும் கேட்டுட்டேனே அத. இப்ப நான் இன்னா பண்ணட்டும்? நீயே சொல்லு சகல."

வழக்கம்போல என்னிடம் பதில் தயாராக இருந்தது. சொல்லவில்லை.

"அவங்களையே கூப்பிட்டுக் கேளுங்க," என்றேன்.

இதை எழுதும்போது அவர்கள் பேசிக்கொண்டிருக்கலாம். ஸஹானா என்ன சொல்வாள், மன்னிப்பாளா, போனையே எடுக்கமாட்டாளா என்று நீங்கள் நினைப்பதை இங்கே வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பேச்சில் நான் இல்லை. பார்க்காததைப் பற்றி இனி நான் ஒன்றும் சொல்வதாக இல்லை.