மாலை போடாத படம்

வேலையால் வந்த கௌசி, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அந்தப் படங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். கனடாவில், வெக்ஸ்போர்ட் வீட்டு ஹோலில், நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் காட்டவென்று மகள் அட்சயா செய்த பெரிய மட்டை. அதில் ஒருவர், லிட்டில் குரோ என்று வெள்ளைக்காரர் அழைத்த, அந்தக் காலத்து டாக்கோட்டா ஆதிக்குடித் தலைவர். பக்கத்தில் கௌசியின் புருசன் செந்தில்நாதன். இரண்டு பேருக்கும் பிளாஸ்ரிக் மல்லிகை மாலை.

"உதை ஆர் போடச் சொன்னது?"

"ரெஸ்பெக்ற்றுக்குத்தான் போட்டனான் அம்மா. எல்லார் வீட்டிலயும் போடுறவைதானே."

போடுகிறார்கள்தான், செத்தவர்களுக்கு. பிள்ளைக்கு அது தெரிய நியாயமில்லை. இந்த வீட்டில் யாருடைய படத்துக்கும் மாலை விழுந்ததில்லை. அட்சயா கைக்குழந்தையாக இருந்தபோது, சண்டை முடிந்த கையோடு வட்டுவாகலில் ஆமியிடம் சரணடையப் போனவர் செந்தில்நாதன். வரவும் இல்லை, செய்தியும் இல்லை. கௌசி நெற்றிக் குங்குமத்தை ஒருநாளும் விட்டதில்லை. திவசம் செய்யச் சொல்லி மச்சான்மார் வாய் நொந்ததுதான் மிச்சம். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. அவள் மூடப் போகவும் இல்லை.

புருசனின் மாலையைப் பிடித்து இழுத்தாள். குசினிக்குப் போய்க் கேத்திலைப் போட்டாள், நிறுத்தினாள், திரும்பி வந்தாள். கோபத்தை எங்காவது இறக்க வேண்டியிருந்தது.

"உந்த மனுசனுக்கும் அப்பாவுக்கும் என்னடி சம்பந்தம்?"

"அவரும் சண்டையில தோத்தவர். இங்க கனடாவுக்கும் உதவி கேட்டு வந்தவர், கிடைக்கேல்லை. திரும்பிப் போய் மினசோட்டாவில மகனோட பழம் பிடுங்கேக்க வெள்ளைக்காரர் சுட்டுப்போட்டினம். எலும்பை மியூசியத்தில வைச்சுக் காட்டினவை. நூறு வருசத்துக்குப் பிறகுதான் குடும்பத்திட்டக் குடுத்தவை, புதைக்கிறதுக்கு."

"அந்த மகன்?"

"ஓட முன்னம் செத்த அப்பான்ர காலில புதுத் தோல் செருப்புப் போட்டு விட்டவனாம். மற்ற உலகத்துக்குத் தூரம் நடக்கோணுமாம்."

கௌசி கதிரையில் இருந்தாள், உடனே எழும்பினாள். அன்றைக்குச் செந்தில்நாதனின் செருப்பு வார் அறுந்து போயிருந்தது. சுடுமணலில் வெறுங்காலோடுதான் வரிசையில் நின்றார். அதனால்தான் தீபாவளிக்குத் தீபாவளி அவர் அளவில் ஒரு சோடி வாங்கி அலுமாரியில் வைக்கிறாள். வருகிறவருக்கு.

"சொறி அம்மா. அப்பான்ர படத்தை எடுத்துவிடுறன்."

"படம் இருக்கட்டும். மாலைதான் வேண்டாம்."

சொல்லிவிட்டு அலுமாரியைத் திறந்து, கடைசியாக வாங்கிய சோடியை எடுத்து வந்தாள். வாசலில், பனிச் சப்பாத்துகள் வைக்கிற தட்டில், நுனி வீட்டுக்குள் பார்க்க வைத்தாள். கொஞ்சம் நின்றாள். குனிந்து, தூரம் நடக்கப் போகிறவருக்குப்போல வெளியே பார்க்கத் திருப்பினாள். நிமிர்ந்தாள்.

"அம்மா?" என்றாள் அட்சயா.

கௌசி திரும்பவும் குந்தியிருந்து ஒரு செருப்பைக் கையில் எடுத்தாள். தட்டின் ஓரத்தில் ஊன்றியிருந்த அவளுடைய சப்பாத்தில் இருந்த பனி கரைந்து, தட்டில் கிடந்த மற்றச் செருப்பின் அடியில் ஊறிக்கொண்டிருந்தது.