கம்பி தொடும் விரல்

பெரியநாயக்கன்பாளையத்தில் மோட்டார் பட்டறை வைத்திருக்கும் அங்கப்பனுக்கு, புது லேப்டாப்பின் டச்பேட் மூன்று நாளாக அடங்கவில்லை. டிரில்லிங் மெஷினை அழுத்துகிற மாதிரி அவர் அழுத்த, அம்பு திரை முழுக்கத் துள்ளியது.

"மலிவா வாங்குனா இப்படித்தான்!" என்று கத்தினார்.

அங்கே மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வைண்டிங் வேலை பார்க்கும் கருப்பாத்தாள் எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, நான் தொட்டுப் பாக்கட்டுங்களா?"

தலைமுடி அளவே உள்ள காப்பர் கம்பியை அறாமல் இழுத்துச் சுற்றும் விரலை டச்பேடில் மெல்ல வைத்தாள். அம்பு நேராகப் போய் அவர் தேடிய ஃபைலின் மேல் நின்றது.

"எப்படி அம்மணி?"

"கம்பி மாதிரிதானுங்க. அழுத்துனா அத்துப்போயிருமுங்க."

அங்கப்பன், பட்டறை தொடங்கிய பன்னிரண்டு வருடத்தில் முதல்முறையாக, அவள் மேசை முன் உட்கார்ந்து கம்பியைத் தொட்டுப் பழகினார்.